கடிதங்கள் வந்து கூடிய அறை

பள்ளியில் இயற்பியல் பயின்ற எவருக்கும் காற்றழுத்தமானியின் கதை ஓரளவு நினைவிருக்கும். ஒரு முனை அடைத்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் உள்ள கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினால், அது முழுவதும் இறங்கிவிடாமல் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகின்றது. இச்சோதனையை எண்ணியவர் இத்தாலியரான டாரிசெல்லி. காற்றின் எடையே இதற்குக் காரணம் என்பதை மலைமேல் சோதித்துப் பார்க்கச் செய்தவர் பிரெஞ்சுக்காரரான பாஸ்கல். பாடநூல் இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்த வரிகளில் தந்துவிட்டு அடுத்த பாடத்திற்கு நகர்ந்துவிடுகின்றது. இரு வரிகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நாம் கவனிப்பதில்லை.

டாரிசெல்லி வாழ்ந்தது ஃபுளோரன்ஸ் நகரில். பாஸ்கல் அப்போது வாழ்ந்தது பிரான்சின் வடபகுதியில் உள்ள ருவான் நகரில். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. அறிவியல் இதழ் என்று ஒன்று அக்காலத்தில் உலகில் எங்கும் கிடையாது. அத்தகைய இதழ்களுள் முதல் இரண்டும் பாரிசிலும் இலண்டனிலும் 1665-இல்தான் வெளிவரத் தொடங்கின. அப்படியாயின், ஃபுளோரன்சில் 1644-இல் நடந்த ஒரு சோதனை, 1646-இல் ருவானில் இருந்த இருபத்துமூன்று வயது இளைஞரின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது?

இதற்கு விடை தேடிச் செல்வோர் அனைவரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பர். அது பாரிஸ் நகரில் அரச சதுக்கத்தின் அருகே இருந்த ஒரு துறவற மடம். அம்மடத்தில் ஒரு சிற்றறை. அவ்வறையில் வாழ்ந்தவர் மரேன் மெர்சென் என்னும் குரு.

மெர்சென் 1588 செப்டெம்பர் 8-ஆம் நாள், பிரான்சின் மேன் மாநிலத்தில் எளிய உழைப்பாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். லா ஃப்ளெஷ் என்னும் ஊரில் இயேசு சபையார் புதிதாகத் திறந்திருந்த கல்லூரியில் பயின்றார். பின்னாளில் மெய்யியலின் போக்கையே மாற்றிய தெக்கார்த்தும் அதே கல்லூரியின் மாணவரே. ஆயின் எட்டு ஆண்டுகள் இளையவர். 1611-இல் மெர்சென் மினிம் சபையில் சேர்ந்தார். பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ்கு நிறுவிய இச்சபையின் பெயருக்கு 'மிகச் சிறியோர்' என்பது பொருள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்றோடு நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடும் இச்சபையினருக்கு உண்டு. வாழ்நாள் முழுவதும் தவக்காலத்து உணவே உண்பது அது. இறைச்சியும் முட்டையும் பாலும் பாலில் செய்தவையும் அவர்கள் தொடுவதில்லை. 1619-இல் பாரிஸ் மடத்திற்கு வந்த மெர்சென், பயணங்கள் நீங்கலாக, இறக்கும் வரையில் அங்கேயே தங்கினார்.

தொடக்கத்தில் அவர் நட்பைத் தேடிய மனிதராகத் தோன்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1623-இல் தொடக்கநூலுக்கு அவர் எழுதிய பெரிய விளக்கவுரையில் மந்திரவாதிகள், நாத்திகர், மறைபொருள் வாதிகள் அனைவரையும் வரிசையாக நிறுத்திச் சாடினார். பாரிசில் மட்டும் 50,000 நாத்திகர் உள்ளனர் என்றும் எழுதினார். யார் எண்ணிக் கொடுத்த கணக்கு அது என்று நமக்கு வியப்பாக உள்ளது. இப்படிப்பட்டவர் பத்தே ஆண்டுகளில் கால்வினியப் பேராசிரியரோடும், நாத்திகர் என்று தூற்றப்பட்ட ஆங்கிலேயரோடும், அணுக்கொள்கையைப் புதுப்பிக்க முயன்ற குருவோடும் ஒரே மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவைச் சமயப் போர் முப்பது ஆண்டுகள் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. இம்மாற்றம் ஏதோ ஒரு நாளில் நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை. கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய தேவையே அவரை மெல்ல மெல்ல மாற்றியது என்பது நம் கருத்து. ஒலியைப் பற்றி அறிய விரும்பினார். அதை நன்கு அறிந்திருந்த பேக்மன் ஹாலந்து நாட்டுக் கால்வினியர். அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

மெர்சென் தாமும் ஓர் ஆய்வாளரே. 1636-இல் வெளிவந்த 'அனைத்துலக இசைவு' என்னும் அவரது பெருநூலில், நரம்பின் நீளம், இழுப்பு, பருமன் ஆகியவற்றுக்கும் எழும் சுருதிக்கும் உள்ள தொடர்பை விதிகளாகத் தந்தார். அவ்விதிகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. கண்ணால் எண்ணும் அளவுக்கு மெதுவாக அதிரும் மிக நீண்ட கயிறுகளைக் கட்டி, அதிர்வுகளை எண்ணி, அதிலிருந்து கணக்கிட்டு, காதுக்குக் கேட்கும் ஒலியின் அதிர்வெண்ணை முதன்முதலில் கூறியவர் அவர். இருப்பினும் தெக்கார்த், ஃபெர்மா, பாஸ்கல் ஆகியோரின் வரிசையில் அவரை எவரும் வைப்பதில்லை. அவரும் அவ்வாறு கோரியதில்லை. அவரைப் பற்றிப் பின்னாளில் எழுதிய பாஸ்கல், நல்ல வினாக்களை அமைப்பதில் அவருக்கு நிகரானவர் இல்லை என்று கூறினார். அவற்றுக்கு விடை காண்பதில் அதே அளவு திறன் அவருக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. புகழ்ச்சியும் குறையும் கலந்த இக்கூற்றே மெர்செனைப் பற்றிய மிகச் சரியான மதிப்பீடு.

அவரது முறை எளியது. ஒருவரிடமிருந்து ஒரு கண்டுபிடிப்போ ஐயமோ வந்தால், அதைப் படியெடுத்து, அதில் அக்கறை கொள்ளக்கூடிய வேறு ஐவருக்கு அனுப்புவார். அவர்களுடைய மறுப்புகளைத் திரட்டி முதலாமவருக்கே திருப்பி அனுப்புவார். துலூசில் நீதிமன்ற ஆலோசகராயிருந்த ஃபெர்மா ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர், அச்சிடுவதில் நாட்டமற்றவர். 1636 முதல் மெர்சென் எழுதிய கடிதங்களே அவரை வெளியுலகோடு இணைத்தன. ஹாலந்தில் ஊர் ஊராக இடம் மாறி, முகவரியை மறைத்து வாழ்ந்த தெக்கார்த்துக்குப் பாரிஸ் நகரின் வாயிலாக இருந்தவரும் மெர்சென்தான். மினிம் சபைக்கு வேறு நாடுகளிலும் மடங்கள் இருந்தது பெரிய வசதி. உரோமை நகரில் திரித்துவக் குன்றின் மேல் இருந்த மடம் பிரெஞ்சு மினிம்களுடையது. மஞ்ஞான் என்னும் கணித வல்லுநர் அங்கு வாழ்ந்தார். கற்றுத் தேர்ந்த துறவிகள் ஒருவரையொருவர் அறிந்திருந்த அமைப்பு ஒன்று முன்னரே இருந்தது. மெர்சென் அதன்மேல் வேறொன்றைக் கட்டினார்.

1635 வாக்கில் பாரிசிலேயே கணிதர்கள் வாரந்தோறும் கூடும் ஒரு குழுவையும் அவர் உருவாக்கினார். ரோபெர்வால், மிதோர்ஜ், எத்தியேன் பாஸ்கல் முதலியோர் வருவர். எத்தியேன் தம்மோடு அழைத்து வந்த சிறுவன்தான் பிளேஸ் பாஸ்கல். பதினாறு வயதில் அவர் எழுதிய கூம்பு வெட்டுக்களைப் பற்றிய சிறு கட்டுரை 1640-இல் அச்சேறியது. கல்லூரி வாசலையே மிதிக்காத அச்சிறுவனுக்கு அந்த வாரக் கூட்டமே கல்லூரி. 1646-இல், ஹாலந்தில் பதினேழு வயதான மற்றோர் இளைஞரிடம் ஊசலாடும் பொருள்களைப் பற்றிய கடினமான கணக்கு ஒன்றை மெர்சென் அனுப்பி வைத்தார். அவர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். அப்போது அவரால் அதற்கு விடை காண இயலவில்லை. 1673-இல் ஊசல் கடிகாரத்தைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் அதன் விடையைத் தந்து, சிறுவனாக இருந்தபோது மெர்சென் கேட்ட கேள்வி இது என்று நன்றியுடன் நினைவுகூர்ந்தார். கேட்டவர் இறந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிழையான விடையுங்கூட அவருடைய வினாவைக் கெடுக்கவில்லை. 2-ஐ அதே எண்ணால் பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் சில வேளைகளில் பகா எண் கிடைக்கும். எந்தெந்த அடுக்குகளுக்கு அவ்வாறு கிடைக்கும் என்று 1644-இல் 257 வரை ஒரு பட்டியலை அவர் வெளியிட்டார். அதில் 67, 257 ஆகிய இரண்டும் தவறு. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டவை. முழுப் பட்டியலையும் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று! எனினும் இவ்வகை எண்களுக்கு 'மெர்சென் பகா எண்கள்' என்றே பெயர். 1996-இல் தொடங்கிய ஒரு கூட்டுமுயற்சியில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தம் கணினிகளைப் பகிர்ந்துகொண்டு இவற்றைத் தேடுகின்றனர். 2024 அக்டோபரில் அவர்கள் கண்டறிந்த எண்ணில் 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

நம் காலத்துச் சமூகவியலார் இத்தகைய இணைப்புகளை ஆராய்ந்து சில உண்மைகளைக் கூறியுள்ளனர். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நெருங்கிய நண்பர்களைக் காட்டிலும் சற்றே அறிமுகமானவர்கள் வழியாகவே புதிய செய்தி நம்மை அடைகின்றது என்பது அவர் கண்டது. காரணம் எளிது: நெருங்கிய நண்பர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். ரொனால்டு பர்ட் என்பவர் 1992-இல் வெளியிட்ட நூலில், ஒன்றோடொன்று பேசாத இரு குழுக்களுக்கு நடுவே நிற்பவருக்குக் கிடைக்கும் நன்மையை விளக்கினார். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 6 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள், காப்புரிமைகள், மென்பொருள்களை ஆராய்ந்து, பெரிய குழுக்கள் ஏற்கெனவே உள்ள கருத்துகளை வளர்க்கின்றன, சிறிய குழுக்களே புதிய திசைகளைத் திறக்கின்றன என்றது. மெர்செனின் வட்டம் இம்மூன்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டு. தனியராகவோ இருவர் மூவராகவோ உழைத்தவர்கள். ஒருவரையொருவர் அரைகுறையாகவே அறிந்தவர்கள். பலர் ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். அவர்களின் நடுவே ஒருவர். ஆயினும் பர்ட் கூறும் இடையாளர் தம் இடத்தால் ஆதாயம் பெறுபவர். மெர்சென் பெற்ற ஆதாயம் என்ன என்று தேடினால், அச்சிட்ட சில நூல்களைத் தவிர வேறெதுவும் நம் கண்ணில் படவில்லை.

இந்த இடைநிலையால் என்ன செய்ய முடிந்தது என்பதற்குத் தெக்கார்த்தின் 'தியானங்கள்' சிறந்த சான்று. கடவுளின் இருப்பையும் ஆன்மாவின் தன்மையையும் பற்றிய அந்நூலின் கையெழுத்துப் படியை 1640-இன் இறுதியில் தெக்கார்த் மெர்செனுக்கு அனுப்பினார். மெர்சென் அதை உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. இறையியலார், மெய்யியலார், கணிதர் எனப் பலரிடம் படிக்கத் தந்து மறுப்புரைகளைப் பெற்றார். இங்கிலாந்திலிருந்து தப்பி வந்து பாரிசில் தங்கியிருந்த ஹாப்ஸ் ஒன்று எழுதினார். இளம் இறையியலாரான அர்னோ ஒன்று எழுதினார். தீஞ் நகரக் குருவான காசெந்தி நீண்ட மறுப்பு ஒன்றை எழுதினார். பெயர் குறிப்பிடாத சில மறுப்புகளைத் திரட்டித் தந்தவர் மெர்சென் தாமே. இவை அனைத்தும் தெக்கார்த்தின் மறுமொழிகளோடு 1641-இல் ஒரே நூலாக வெளிவந்தன. ஒரு நூல் தன்னை எதிர்ப்போர் அனைவரையும் தன் அட்டைக்குள்ளேயே அமர்த்திக்கொண்டு பிறந்தது. ஹாப்சோடு இனித் தமக்குத் தொடர்பே வேண்டாம் என்று தெக்கார்த் மெர்செனுக்கு எழுதினார் என்பது வேறு. மனம் ஒத்தவர்கள் மட்டும் கூடியிருந்தால் அந்நூல் இவ்வளவு கூர்மை பெற்றிருக்காது.

கலிலேயோவின் காரியத்திலும் அவருடைய போக்கு கவனிக்கத்தக்கது. 1633 ஜூனில் உரோமையில் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். செய்தி அறிந்த தெக்கார்த், உலகின் அமைப்பைப் பற்றித் தாம் எழுதி முடித்திருந்த நூலை வெளியிடப் போவதில்லை என்று அவ்வாண்டு நவம்பர் இறுதியில் மெர்செனுக்கே எழுதினார். திருச்சபையின் குருவாகிய மெர்சென் என்ன செய்தார்? மறு ஆண்டே, 1634-இல், கலிலேயோவின் எந்திரவியல் நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அதன் இத்தாலிய மூலமே அப்போது அச்சேறியிருக்கவில்லை. 1638-இல் ஹாலந்தில் கலிலேயோவின் இறுதி நூல் வெளிவந்ததும், 1639-இல் அதன் சாரத்தையும் பிரெஞ்சில் தந்தார். அதே வேளையில், பொருள்கள் கீழே விழுவதைப் பற்றிக் கலிலேயோ கூறிய அளவுகளைத் தாமே சோதித்து, அவை ஒத்துவரவில்லை என்றும், அச்சோதனைகளைக் கலிலேயோ உண்மையில் செய்தாரா என்றும் வெளிப்படையாக ஐயுற்றார். கட்சி சேர்ந்து போற்றவும் இல்லை, அஞ்சி ஒதுங்கவும் இல்லை.

இவ்வளவும் கூறிய நாம் மறுபக்கத்தையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மெர்செனுக்கு இரகசியம் காக்கத் தெரியாது. ஒருவர் நம்பி எழுதியதை மற்றவருக்கு அனுப்புவது அவருக்கு இயல்பு. அதுவே அவருடைய தொழில் எனலாம். தெக்கார்த்துக்கு இளமையில் கணிதத்திலும் இயற்பியலிலும் ஊக்கமூட்டியவர் பேக்மன். தெக்கார்த்துக்குத் தாம்தான் கற்பித்தவர் என்பது போலப் பேக்மன் கூறியதை 1629-இல் மெர்சென் தெக்கார்த்துக்குத் தெரிவித்துவிட்டார். விளைவு, பத்தாண்டு நட்பு முறிந்தது. தெக்கார்த் பேக்மனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று படிப்பவரையும் கூசச் செய்யும் அளவுக்குக் கடுமையானவை.

மற்றொரு நிகழ்ச்சி, அறிவுப் பகிர்வு எங்கே தடைபடுகின்றது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. உருளும் சக்கரத்தின் விளிம்பில் அறைந்த ஆணி காற்றில் ஒரு வளைவை வரையும். அவ்வளைவு அடைக்கும் பரப்பு எவ்வளவு? மெர்சென் பல்லாண்டுகள் பலரிடம் கேட்ட கேள்வி இது. இதே கேள்வியை எண்ணிய கலிலேயோ, வளைவையும் வட்டத்தையும் தகட்டில் வெட்டி எடை போட்டுப் பார்த்து, ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டு, சரியாக மூன்று இராது எனக் கருதிக் கைவிட்டார். ரோபெர்வால் கணித முறையில் அது சரியாக மூன்று மடங்கே என்று நிறுவினார். ஆனால் வெளியிடவில்லை. ஏன்? பாரிஸ் அரசக் கல்லூரியில் அவர் வகித்த கணிதப் பதவி மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டியில் வென்று காக்கப்பட வேண்டியது. போட்டிக்குரிய வினாக்களை அமைப்பவர் பதவியில் இருப்பவரே. பிறர் அறியாத முறைகளைக் கைவசம் வைத்திருந்தால்தான் பதவி நிலைக்கும். ரோபெர்வால் 1634 முதல் 1675-இல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். இதற்கிடையே 1644-இல் டாரிசெல்லி அதே விடையைத் தாமாகவே கண்டு அச்சிட்டார். ரோபெர்வால் கொதித்தெழுந்து, தம் கண்டுபிடிப்பு களவாடப்பட்டது என்றார். கடிதங்கள் யார் வழியாக எங்கே சென்றன என்ற ஆராய்ச்சி தொடங்கியது. மெர்செனின் பெயர் நடுவில் இழுபட்டது. டாரிசெல்லி 1647-இல் இறக்கும்போதும் அவ்வழக்கு தீரவில்லை. ரோபெர்வாலைத் தன்னலக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவரை மறைக்கச் செய்தது அப்பதவியின் விதி என்பதையும் நாம் எண்ண வேண்டும். முந்தியவருக்கே பரிசு என்று விதித்துவிட்டு, ஒளிவுமறைவின்றிப் பகிர்ந்துகொள்க என்று அறிவுரை கூறும் நிறுவனங்கள் அக்காலத்தோடு மறைந்துவிடவில்லை.

இனி, நாம் தொடங்கிய பாதரசக் குழாய்க்கு வருவோம்.

உறிஞ்சும் எந்திரத்தால் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற இயலாது என்பதைக் கலிலேயோ தம் இறுதி நூலில் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்தவர்கள் உரோமையில் உயரமான குழாயொன்றில் நீரை நிரப்பிச் சோதித்தனர். கண்டவர்களுள் மினிம் துறவியான மஞ்ஞானும் ஒருவர். நீருக்குப் பதில் பன்மடங்கு கனமான பாதரசத்தைக் கொண்டால் குழாய் சிறிதாகும் என்பது டாரிசெல்லியின் எண்ணம். 1644-இல் அவருடைய இளம் நண்பர் விவியானி அதைச் செய்து காட்டினார். ஜூன் மாதத்தில் டாரிசெல்லி அதை உரோமையில் இருந்த தம் நண்பர் ரிச்சிக்கு எழுதினார். அவர் அதன் செய்தியை மெர்செனுக்கு அனுப்பினார்.

மெர்சென் கடிதத்தோடு நிற்கவில்லை. ஐம்பத்தாறு வயதில், 1644-இன் பிற்பகுதியில், இத்தாலிக்கே புறப்பட்டார். ஃபுளோரன்சில் டாரிசெல்லியைச் சந்தித்தார், உரோமையிலும் தங்கினார். 1645-இல் பாரிஸ் திரும்பி அச்சோதனையைச் செய்து பார்க்க முயன்றார். முடியவில்லை. பாதரசத்தின் கனத்தைத் தாங்கும் நீண்ட கண்ணாடிக் குழாய் பாரிசில் கிடைக்கவில்லை! கடிதத்தில் கருத்து வரும், கண்ணாடி வராது. ஆயினும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டவர்களுள் ஒருவரான பியேர் பெத்தி என்னும் பொறியாளர் 1646 அக்டோபரில் ருவான் வழியாகச் சென்றார். ருவான் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகர். வரி அதிகாரியாக அங்கு வாழ்ந்த எத்தியேன் பாஸ்கலின் வீட்டில் அவர் இதைக் கூற, தந்தையும் மகனும் அவரும் சேர்ந்து சோதனையைச் செய்தனர். பாதரசம் நின்றது. அதன்பின் பிளேஸ் பாஸ்கல் விடவில்லை. 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைச் செய்வித்து, நீராலும் திராட்சை இரசத்தாலும் நிரப்பி, பலர் காண நிறுத்திக் காட்டினார்.

குழாயின் உச்சியில் தோன்றிய வெறுமை உண்மையில் வெற்றிடந்தானா, பாதரசத்தைத் தாங்குவது வெளிக் காற்றின் எடைதானா என்று பெரும் வாதம் எழுந்தது. 1647 செப்டெம்பரில் தெக்கார்த் பாரிசுக்கு வந்து, நோயுற்றிருந்த பாஸ்கலைக் கண்டு உரையாடினார். மலையுச்சியில் சோதித்தால் தெரிந்துவிடும் என்ற எண்ணம் யாருடையது என்பது இன்றும் வழக்காடப்படுகின்றது. பாஸ்கல் தமது என்றார். தாமே சொல்லிக் கொடுத்ததாகத் தெக்கார்த் கூறினார். மெர்செனும் அதே எண்ணம் கொண்டிருந்தார். ஒரே அறையில் பலமுறை புழங்கிய எண்ணத்துக்கு உரிமையாளரைத் தேடுவது வீண் வேலை என்றே நமக்குத் தோன்றுகின்றது. அதைவிட நம் மனத்தைக் கவர்வது, அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் நாள் தெக்கார்த் மெர்செனுக்கு அனுப்பிய ஒரு துண்டுத் தாள். இரண்டரை அடி நீளமுள்ள அத்தாளில் அளவுக்கோடுகள் இடப்பட்டிருந்தன. அதே போன்ற மற்றொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பாரிசிலும் ஹாலந்திலும் ஒரே அளவுகோலால் பாதரசத்தின் உயரத்தைக் குறித்து, இடமும் பருவமும் அதை மாற்றுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இரு நாடுகளில் இருப்போர் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று உறுதிகொள்ள, முதலில் ஒரே கோல் தேவை. அக்கோல் சென்றதும் மெர்செனின் கைக்கே.

1648-இன் கோடையில் மெர்சென் நோயில் விழுந்தார். மார்பில் கட்டி, மருத்துவர்கள் அறுத்தும் அதைக் காணவில்லை. தாம் இறந்தபின் உடலை அறுத்து நோயின் காரணத்தை ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். செப்டெம்பர் முதல் நாள் இறந்தார். இன்னும் ஒரு வாரத்தில் அறுபது நிறைந்திருக்கும். அவருடைய அறையில் 78 பேர் எழுதிய கடிதங்கள் இருந்தன. எஞ்சிய கடிதங்களைத் திரட்டி அச்சிடும் பணி இருபதாம் நூற்றாண்டில் தொடங்கி, பதினேழு தொகுதிகளாக 1988-இல் நிறைவுற்றது. இலண்டனில் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த தியோடர் ஹாக் என்னும் ஜெர்மானியர், 1645-இல் அங்கே அறிஞர்களின் வாரக் கூட்டம் தொடங்கத் தூண்டுகோலாயிருந்தார். 1660-இல் அமைந்த இராயல் கழகத்தின் வேர்களுள் அக்கூட்டமும் ஒன்று. பாரிசில் 1666-இல் அரசே அறிவியல் கழகத்தை நிறுவியபோது ஹைகன்சும் ரோபெர்வாலும் அதில் இடம்பெற்றனர்.

மெர்சென் இறந்து பதினெட்டு நாள்களுக்குப் பின், 1648 செப்டெம்பர் 19 அன்று, பாஸ்கலின் மைத்துனர் பெரியே மலைச் சோதனையை நடத்தினார். இடம், க்ளெர்மோன் நகரை அடுத்த புய்-த-தோம் மலை. காலையில் நகரின் மிகத் தாழ்ந்த இடமான மினிம் மடத்துத் தோட்டத்தில் எல்லாரும் கூடினர். அம்மடத்துக் குரு பன்னியே, பேராலய உயர்குரு ஒருவர், நீதிமன்ற ஆலோசகர் இருவர், மருத்துவர் ஒருவர் எனப் பலர் வந்திருந்தனர். இரண்டு குழாய்களிலும் பாதரசம் ஒரே உயரத்தில், பழைய பிரெஞ்சு அளவில் 26 அங்குலமும் மூன்றரை வரியும் நின்றது. ஒரு குழாயைத் தோட்டத்திலேயே நிறுத்தி, நாள் முழுவதும் கண்காணிக்குமாறு ஷஸ்தேன் என்னும் மினிம் குருவிடம் ஒப்படைத்தனர். மற்றதை எடுத்துக்கொண்டு மலையேறினர். உச்சியில் பாதரசம் 23 அங்குலமும் இரண்டு வரியுமே நின்றது. வேறுபாடு மூன்று அங்குலத்துக்கும் சற்றே கூடுதல். நம் அளவில் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர். நம்ப இயலாமல் உச்சியின் வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தனர். மாறவில்லை. இறங்கி வந்து கேட்டபோது, தோட்டத்துப் பாதரசம் நாள் முழுவதும் அசையவே இல்லை என்றார் ஷஸ்தேன்.

பாஸ்கல் இவ்விவரத்தை அவ்வாண்டின் இறுதிக்குள் பாரிசில் அச்சிட்டு வெளியிட்டார். ஹாலந்தில் இருந்த தெக்கார்த்துக்கு அது எட்டவில்லை. மெர்செனின் இடத்தில் இருந்து செய்தி அனுப்ப முன்வந்த கர்கவி என்பவருக்கு 1649 ஜூன் 11-ஆம் நாள் அவர் ஒரு கடிதம் எழுதினார். சோதனை முடிந்து ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஓவெர்ஞ் மலைமேல் பாஸ்கல் செய்வித்ததாகக் கூறப்படும் சோதனை என்னவாயிற்று என்று அவர் அதில் கேட்டிருந்தார்.